உறைபனிக்கு முன்னால் பறித்தது சமையலறை முழுக்கக் கிடக்கிறது, எதை முதலில் கவனிப்பது?

கொல்லைப்புறம் (மார்க்கம், கனடா):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் ஒன்றும் பெரியதில்லை. வேலியோரமாக இரண்டு பாத்தி, டெக்கில் சில தொட்டிகள், அவ்வளவுதான். செப்டம்பர் முழுக்க நல்ல வெயில் அடித்ததால் செடிகள் நிற்காமல் காய்த்தன, அக்கம்பக்கத்தில் கொடுத்தது போக நாங்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இப்போது சனிக்கிழமை இரவு உறைபனி என்று வானிலையில் சொல்கிறார்கள், அதனால் செடியில் இருந்த அத்தனையையும் மொத்தமாக இறக்கிவிட்டேன்.

பழுத்த தக்காளி இரண்டு பெரிய வாளி. பச்சைத் தக்காளி அதற்கும் மேலே இருக்கும். நீளக் கத்தரிக்காய் ஒரு கூடை, பச்சை மிளகாய் ஒரு பை நிறைய (பாதி சிவக்கத் தொடங்கிவிட்டது), இலைக்குள் ஒளிந்திருந்து முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்ட சுக்கினி, நாலு மஞ்சள் பூசணி. கட்டுக்கட்டாகப் புதினா வேறு.

எங்களிடம் தனி ஃபிரீசர் கிடையாது, ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கும் சின்ன ஃபிரீசர்தான். நானும் அவரும் வேலைக்குப் போகிறோம், அதனால் இரவு எட்டு மணிக்கு மேல்தான் அடுப்பு பக்கம் போக முடியும். ஊரில் அத்தையிடம் கேட்டால் எல்லாவற்றையும் நறுக்கி வற்றல் போடச் சொல்கிறார்கள், ஆனால் அக்டோபரில் இங்கே அடிக்கிற வெயிலில் எது காயும்? எதிர் வீட்டில் இருக்கும் இத்தாலியப் பாட்டி வருடா வருடம் கராஜில் தக்காளியைக் காய்ச்சி பாட்டில் பாட்டிலாக அடைத்து வைக்கிறார், நாமும் அப்படிச் செய்யலாமா, தொக்காகவே அடைக்கலாமா?

தயவுசெய்து யாரும் கம்போஸ்டில் போடச் சொல்லாதீர்கள். மே மாதம் நாற்று நட்டதிலிருந்து பிள்ளைகள் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தது, ஒன்றைக்கூட வீணாக்க மனசு வரவில்லை.


வன்னிக்காரி (ஸ்காபரோ):

தங்கச்சி, முதலில் ஒன்றையும் ஃபிரிட்ஜுக்குள் வைக்காதீங்கோ. தக்காளி, கத்தரி இரண்டுக்குமே அந்தக் குளிர் ஆகாது. தக்காளி ருசி கெட்டு மாப்போலாகிவிடும், கத்தரிக்காய் தோல் சுருங்கி உள்ளே விதை கறுத்துவிடும். நிலவறை இருந்தால் அங்கே தரையில் பேப்பர் விரித்துப் பரப்பி விடுங்கோ, வேலை பாதி அங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே இரவில் சமைக்க வேண்டிய அவசரம் அதற்குப் பிறகு இல்லை.

பச்சைத் தக்காளியில் எல்லாம் பழுக்காது, அதைப் பிரிக்கத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு அளவிலும் ஒரு காயை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கோ. உள்ளே விதையைச் சுற்றி வழுவழுவென்று கூழ் இருந்து, கத்தி படும்போது விதை வெட்டுப்படாமல் வழுக்கி ஒதுங்கினால் அந்த அளவுக் காய்கள் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டு, உள்ளே கூழ் இல்லாமல் கட்டியாக இருந்தால் அது பிஞ்சு, எத்தனை நாள் வைத்தாலும் பழுக்காது, அதை இப்போதே கறிக்கு எடுக்க வேண்டியதுதான்.

பழுக்கக்கூடியதைக் கழுவாமல், காம்பை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று முட்டாமல் ஒரே அடுக்காக அட்டைப் பெட்டியில் வையுங்கோ. வெளிச்சம் தேவையே இல்லை, சூடுதான் தேவை. 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் இருக்கிற அறையில் ஏறத்தாழ இரண்டு கிழமையில் (வாரத்தில்) பழுக்கும். கொஞ்சம் குளிரான இடத்தில் மூன்று நாலு கிழமை ஆகும், ஆனால் 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. அதனால் ஒரு பெட்டியைச் சமையலறையிலும் இன்னொன்றை நிலவறையிலும் வைத்தால் ஒரே நாளில் எல்லாம் பழுத்துக் கையை மீறாது. அவசரமாகப் பழுக்க வேண்டிய பெட்டியில் ஒரு வாழைப்பழம் போட்டு விடுங்கோ. ஒன்றுவிட்டு ஒருநாள் பார்த்து, அழுகத் தொடங்கியதை உடனே எடுத்துவிட வேண்டும்.

பிஞ்சுத் தக்காளிக்கு எங்கள் வீட்டில் பால்கறிதான். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு போட்டு இரண்டாம் தேங்காய்ப்பாலில் அவிய விட்டு, இறக்கும்போது முதல் பால் விட்டு உடனே அடுப்பை அணைத்துவிட வேண்டும். புளிப்பான காய் என்பதால் முதல் பால் விட்ட பிறகு கொதித்தால் திரைந்துவிடும். தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) விடவே தேவையில்லை.

கத்தரிக்காய்க்கு மோஜு போடுங்கோ. விரல் நீளத்துக்கு வெட்டி மஞ்சளும் உப்பும் பிரட்டி நன்றாகப் பொன்னிறமாகப் பொரியுங்கோ, சின்ன வெங்காயத்தையும் கீறிய மிளகாயையும் அதே எண்ணெயில் பொரித்தெடுங்கோ. கடுகு, உள்ளி (பூண்டு), இஞ்சி மூன்றையும் வினாகிரி விட்டு அரைத்து, கொஞ்சம் சீனி சேர்த்து, எல்லாவற்றையும் பிரட்டிப் போத்தலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று கிழமை தாராளமாக இருக்கும். ஒரு கூடை கத்தரிக்காய் இரண்டு போத்தலுக்குள் அடங்கிவிடும், பொரிக்கிறபோது அவ்வளவு வற்றும். முதல் நாளைவிட மூன்றாம் நாள்தான் ருசி.


நெல்லைச்சீமை (பிராம்ப்டன்):

அக்கா சொன்ன மோஜு அருமையான யோசனை. பொரிக்க நேரமில்லாத கத்தரிக்காயை நான் பார்பிக்யூவில் முழுசாகப் போட்டுச் சுட்டுவிடுவேன், தோலை உரித்துச் சதையை மட்டும் மசித்துச் சின்னப் பையில் ஃபிரீசரில். ஜனவரியில் பொங்கலுக்குக் கொத்சு வைக்க அதைவிட வேறு என்ன வேண்டும், அந்தச் சுட்ட வாசனை அப்படியே இருக்கும். பச்சையாக நறுக்கி ஃபிரீசரில் போடாதீர்கள், வெளியே எடுக்கும்போது சொதசொதவென்று ஆகிவிடும்.

பிஞ்சுத் தக்காளியில் துவையலும் செய்து பாருங்கள். நல்லெண்ணெயில் உளுந்தும் மிளகாயும் பூண்டும் வறுத்து, நறுக்கிய காயைப் பச்சை வாசனை போகும்வரை வதக்கி, வறுத்த எள்ளோ வேர்க்கடலையோ ஒரு கைப்பிடி சேர்த்து அரைத்தால் போதும், புளி வைக்க வேண்டாம். பாசிப்பருப்புக் கூட்டும் நன்றாக இருக்கும், ஆனால் பருப்பு குழைய வெந்த பிறகுதான் காயைப் போட வேண்டும். புளிப்புள்ள காயை முதலிலேயே போட்டால் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும்.

பழுத்த தக்காளிக்கு என் வழி: அடுப்பு முன்னால் நின்று கிளறவே வேண்டாம். பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி டிரேயில் அடுக்கி, கொஞ்சம் எண்ணெயும் உப்பும் தூவி, ஓவனில் 400 ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். நீங்கள் அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தூங்க வைக்கலாம். ஓரம் லேசாகக் கருகி, தண்ணீர் வற்றி, இனிப்பு ஏறியிருக்கும். ஆறியதும் மிக்ஸியில் ஒரு சுற்று, அப்படியே ஜிப் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றித் தட்டையாகப் படுக்க வைத்து உறைய விடுங்கள். உறைந்த பிறகு புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கலாம், உங்கள் சின்ன ஃபிரீசருக்கு டப்பாவைவிட இதுதான் சரி. ஒரு பைக்கு ஒரு குழம்புக்கான அளவுதான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் அவசரத்தில் பாறையை உடைக்கிற வேலையாகிவிடும்.

முழுக் குழம்பாகச் சமைத்து உறைய வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. தக்காளி விழுது என்று இருந்தால் ஒரு நாள் ரசம், ஒரு நாள் குருமா, ஒரு நாள் தக்காளி சாதம். குழம்பாக வைத்துவிட்டால் அது குழம்பு மட்டும்தான், நாலாவது முறை எடுக்கும்போது பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மிளகாய்க்கு மோர் மிளகாய். வெயில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். காம்போடு கீறி, நன்றாகப் புளித்த தயிரில் உப்பும் கொஞ்சம் வெந்தயப் பொடியும் கலந்து ஊற வையுங்கள். மறுநாள் மிளகாயை மட்டும் வடித்தெடுத்து டிரேயில் பரப்பி, ஓவனை அதன் ஆகக் குறைந்த சூட்டில் வைத்து (பெரும்பாலான ஓவன்களில் 170 ஃபாரன்ஹீட்) கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகிச் சற்றுத் திறந்தபடி சில மணி நேரம் காய விடுங்கள். ராத்திரி திரும்பவும் அதே மோரில். மோர் முழுக்க இழுத்துக்கொள்ளும்வரை இப்படியே செய்து, கடைசியில் ஒடித்தால் படக்கென்று ஒடியும் பதத்துக்குக் காய வைத்தால் வருடம் முழுக்கத் தயிர் சாதத்துக்குக் கவலையில்லை. சிறு பிள்ளைகள் இருக்கிற வீடு, ஓவன் கதவு திறந்திருக்கும்போது மட்டும் கவனம்.

சிவந்த மிளகாயைத் தனியாக எடுத்து நூலில் கோத்து ஜன்னலோரம் தொங்கவிடுங்கள், ஹீட்டர் போட்ட வீட்டில் காற்று எப்படியும் வறண்டுதான் இருக்கும்.

தொக்கும் கேட்டிருந்தீர்கள். எங்கள் அம்மா தக்காளித் தொக்கை எண்ணெய் மேலே மிதக்க மிதக்கக் கிளறி ஜாடியில் போட்டு வெளியேதான் வைப்பார்கள், மாதக்கணக்கில் கெடாது. அதே மாதிரி நீங்களும் செய்யலாம் என்றுதான் நினைக்கிறேன்.


மண்வெட்டி (ஏஜாக்ஸ்):

நெல்லைச்சீமை சொன்ன மற்ற எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறேன், அந்தக் கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அம்மாக்கள் போட்ட தொக்கில் புளியும் உப்பும் மிளகாய்த்தூளும் இருந்த அளவு வேறு, தண்ணீர் துளியும் இல்லாமல் சுண்டக் கிளறினார்கள். நாம் இங்கே இரத்த அழுத்தம் என்று உப்பைக் குறைக்கிறோம், பிள்ளைகளுக்காகக் காரத்தைக் குறைக்கிறோம், நேரமில்லாமல் பாதியில் இறக்குகிறோம், மேலே எண்ணெயை மட்டும் அதே அளவு ஊற்றுகிறோம். எண்ணெய் காற்றைத்தான் தடுக்கும். போட்டுலிசம் என்ற உயிர்கொல்லும் உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமிக்குக் காற்று இல்லாத, புளிப்புக் குறைந்த, ஈரமுள்ள இடம்தான் வசதி, முக்கியமாகப் பூண்டு எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் இடம். அதன் நஞ்சு கலந்திருந்தால் மணத்திலோ ருசியிலோ தெரியாமல் போகலாம். அதனால் தொக்கு என்றால் ஃபிரிட்ஜ், நிறைய இருந்தால் ஃபிரீசர். இதில் மட்டும் பழக்கத்தை நம்ப வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி பாட்டில் விஷயம். எதிர் வீட்டுப் பாட்டி அடைப்பது வெறும் தக்காளி. அதை நீங்களும் தாராளமாகச் செய்யலாம், முறைப்படி செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கிருமியின் வித்து 100 டிகிரியில் கொதிக்க வைத்தாலும் சாகாது, அதை வளரவிடாமல் தடுப்பது புளிப்புதான். பிஎச் என்ற அளவில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. தக்காளி அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிற காய், சில வகை இந்தப் பக்கம், சில வகை அந்தப் பக்கம். அதனால் அரை லிட்டர் ஜாடிக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கட்டாயம் சேர்க்க வேண்டும். அதுவும் கடையில் பாட்டிலில் விற்கும் சாறு, ஏனென்றால் அதன் புளிப்பு எப்போதும் ஒரே அளவில் இருக்கும், பழத்துக்குப் பழம் மாறாது.

தோல் உரித்து நசுக்கிய தக்காளியைக் கொதிக்கக் கொதிக்க ஜாடியில் ஊற்றி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு, புது மூடி போட்டு, ஜாடி மூழ்கும் அளவு தண்ணீரில் வைத்து, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து அரை லிட்டருக்கு 35 நிமிடம், ஒரு லிட்டருக்கு 45 நிமிடம். நம் பகுதி கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை, அதனால் இந்த நேரம் சரி. மூடியைச் சுற்றித் திருகும் வளையத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம், தட்டை மூடி ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். ஆறியபின் மூடியின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போய் மேலே வந்து டிக்கென்றால் அடைபடவில்லை, அதை ஃபிரிட்ஜில் வைத்து அந்த வாரமே தீர்த்துவிடுங்கள்.

வெங்காயம், பூண்டு, மிளகாய், பருப்பு எதைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கு செல்லாது. சாம்பார், தொக்கு, பூசணி விழுது எதையும் இப்படி அடைக்கக் கூடாது. நம் வீட்டு விசில் குக்கரில் வைத்து எடுத்தால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது, ஜாடி அடைப்பதற்கான அழுத்தக் கலன் வேறு.

இன்னொன்று. நீங்கள் உறைபனிக்கு முன்னாலேயே பறித்துவிட்டீர்கள், நல்லது. செடியிலேயே விட்டு, பனி பட்டுச் செடி கருகிய பிறகு பறித்த தக்காளியில் புளிப்பு குறைந்திருக்கும். அதை உடனே சமைக்கலாம், ஜாடியில் அடைக்கக் கூடாது.


கொல்லைப்புறம்:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சொன்னபடி வெட்டிப் பார்த்தேன், கோலிக்குண்டு அளவில் இருந்ததெல்லாம் பிஞ்சு, உள்ளங்கை அளவில் இருந்ததில் கூழ் நன்றாக இருந்தது. பிரித்துப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. தொக்கை ஃபிரிட்ஜில்தான் வைக்கப் போகிறேன், ஜாடி வேலையை வார இறுதிக்கு வைத்திருக்கிறேன், வெறும் தக்காளி மட்டும்.

பூசணியும் சுக்கினியும் புதினாவும் அப்படியே இருக்கிறது. டெக்கில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்றும் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


அடுப்பங்கரை (மிசிசாகா):

பூசணியைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது காத்திருக்கும். காம்பு நாலு விரல் நீளத்துக்காவது இருக்கிறதா பாருங்கள். காம்பு ஒடிந்த காயை முதலில் சமைத்துவிடுங்கள், அந்த வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். மற்றவற்றைக் கழுவாமல் ஈரத் துணியால் மண்ணைத் துடைத்து, ஹீட்டர் காற்று வரும் பக்கமாக ஒரு பத்து நாள் வைத்துத் தோலை இறுக விடுங்கள், பிறகு நிலவறையில் சில்லென்று இருக்கும் மூலையில். சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் அட்டையோ பலகையோ போட்டு வையுங்கள், பக்கத்தில் ஆப்பிள் கூடை வேண்டாம். தோல் கெட்டியான வகையாக இருந்தால் கிறிஸ்துமஸ் தாண்டியும் நிற்கும்.

சமைப்பதற்கு, எங்கள் வீட்டில் பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு தவறாமல் உண்டு. வெந்தயமும் வெல்லமும் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், காயைத் தோலோடு பெரிய துண்டாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் கரைந்துவிடும். பிள்ளைகளுக்கு என்றால் துருவி நெய்யில் வதக்கிப் பாலில் வேகவைத்துப் பாயசம். விதையைக் கழுவிக் காயவைத்து உப்புப் போட்டு வறுத்தால் பள்ளிக்கூட டப்பாவுக்கு ஆச்சு.

சுக்கினியில் ஒரு எச்சரிக்கை. சமைக்கும் முன்னால் ஒவ்வொரு காயிலும் நுனியில் ஒரு சின்னத் துண்டை வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயை முழுசாகத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், வீணாக்க மனசு வராது என்று எழுதியிருந்தீர்கள், ஆனால் இதில் இரக்கம் காட்டாதீர்கள். குக்கர்பிட்டாசின் என்ற பொருளால் வரும் கசப்பு அது, வேகவைத்தாலும் போகாது, வாந்தி பேதி வரை கொண்டுபோகும். அலங்காரச் சுரை வகைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த செடியிலிருந்து எடுத்து வைத்த விதையை அடுத்த வருடம் போட்டால் இப்படிக் கசக்கும் வாய்ப்பு உண்டு. பாகற்காய்க் கசப்புபோல் இது சாப்பிடுகிற கசப்பு இல்லை.

கசக்காததை நடுவில் பிளந்து, விதையும் பஞ்சுபோல் இருக்கும் பாகமும் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டுத் துருவுங்கள். உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்தால் ஏராளமாகத் தண்ணீர் விடும். பிழிந்த துருவலை அடை மாவில் கலக்கலாம், குழிப்பணியாரத்தில் போடலாம். பிழிந்த தண்ணீரைக் கொட்டாமல் மாவு கரைக்கவே பயன்படுத்திக்கொள்ளுங்கள், உப்பு மட்டும் பார்த்துப் போட வேண்டும். மிச்சத்தை ஒரு கோப்பை அளவாகப் பையில் கட்டி உறைய வைக்கலாம். தோல் முற்றாமல் இருந்தால் சௌசௌ கூட்டு மாதிரியே கூட்டும் வைக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

புதினாவை இலையாக ஃபிரீசரில் போட்டால் கறுத்துவிடும். பச்சை மிளகாய், இஞ்சி சேர்த்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டு அரைத்து ஐஸ் டிரேயில் ஊற்றி, உறைந்ததும் கட்டிகளைப் பைக்கு மாற்றுங்கள். பிரியாணிக்கு இரண்டு கட்டி, தயிர்ப் பச்சடிக்கு ஒரு கட்டி. மீதியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் காய்ந்துவிடும், டீக்குப் போடலாம்.

நீங்கள் கொலு வைப்பவர்களாக இருந்தால், நவராத்திரி பெரும்பாலும் இந்த அறுவடைக்கு முன்பின்னாகத்தானே வருகிறது, வெற்றிலை பாக்கோடு ஒரு காகிதப் பையில் நாலு கத்தரிக்காயும் ஒரு கைப்பிடி மிளகாயும் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். நான் சில வருடங்களாக அப்படித்தான் செய்கிறேன், பிளாஸ்டிக் கிண்ணம் கொடுத்தபோது யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பக்கத்தில் உணவு வங்கி இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள், புதுக் காய்கறி வாங்கும் இடங்கள் உண்டு, எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.


வன்னிக்காரி:

கறிவேப்பிலைக்கு நான் சொல்கிறேன். அதைச் சனிக்கிழமை வரை வெளியே விடாதீங்கோ, இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினாலே உள்ளே எடுத்துவிட வேண்டும். எடுக்கும் முன்னால் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் நன்றாகப் பாருங்கோ, பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டு மாதிரி ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. பழைய பல்துலக்கியால் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டு வர வேண்டும். தெற்கு ஜன்னல் பக்கம் வையுங்கோ. குளிர்காலத்தில் இலை கொட்டும், பயந்துபோய்த் தண்ணீரை அள்ளி ஊற்றாதீங்கோ, மேல்மண் விரலுக்குக் காய்ந்தால் மட்டும் ஊற்றினால் காணும்.

மோஜு போட்டால் எப்படி வந்தது என்று எழுதுங்கோ.